கழுத்துக்கோடு இல்லாத பல்

நிலைய நாள் 212. காலை 06.40

உலை வெப்பம் சரி. வளர்ப்புத் தொட்டியில் உப்பளவு சரி. நேற்று ஊன்றிய பதினாறு பற்களில் பதினைந்து நேராக வளர்கின்றன. ஒன்று கோணல். எடுத்துப் பொடியாக்கிவிட்டேன்.

இதைக் கண்டெடுத்துப் படிக்கப்போகிறவருக்கு: என் பெயர் வெள்ளத்தாய். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மதுரையில் ஒரு பல் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் செயற்கைப் பல்லுக்கு நிறம் ஏற்றியவள். இப்போது வெண்பிறைக் கம்பெனியின் விண்பட்டறையில், பூமிக்கு நானூறு கிலோமீட்டர் மேலே, தனியாக அதே வேலையைப் பார்க்கிறேன். எடையில்லாத இடத்தில்தான் வளர்பீங்கான் குமிழி விழாமல் வளரும். எனக்கு முன்னால் பட்டம் வாங்கிய நான்கு பேரை அனுப்பிப் பார்த்தார்கள். நான்கு பேருக்கும் நிறம் பார்க்கத் தெரியவில்லை. அதில் இரண்டு பேருக்கு வாந்தியே நிற்கவில்லையாம்.

நாள் 212. மாலை 16.05

கீழேயிருந்து புது வரைபடம் வந்தது.

பழைய முறையில் தாடை எலும்புக்குள் ஒரு திருகாணி, அதன் தலையில் ஒரு முளை, முளையின்மேல் பல். மூன்று துண்டு, இரண்டு இணைப்பு. ஈறு கொஞ்சம் சுருங்கினாலும் இணைப்பு சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்க்கும். நாங்கள் செய்வது ஒரே துண்டு. வாங்குகிறவரின் எலும்பிலிருந்து எடுத்த உயிரணுவைப் பீங்கானில் கலந்து ஊன்றுகிறோம். தாடையில் வைத்ததும் வேர் வளர்ந்து எலும்பைக் கவ்விக்கொள்ளும். ஈறு மட்டத்தில் மயிரளவு பள்ளம் வெட்டி, வளர்ச்சியை நிறுத்தும் பூச்சு ஒன்றை அதில் வைப்பேன். அதுதான் கழுத்துக்கோடு. அதற்குக் கீழே வளரலாம். மேலே வளரக் கூடாது.

புது வரைபடத்தில் அந்தக் கோட்டைக் காணோம்.

நாள் 213. காலை 09.20

வடிவமைப்புத் தலைவர் டாக்டர் கீர்த்திவாசனோடு குரல் இணைப்பு. பதிவு அப்படியே:

"வெள்ளத்தாயம்மா, போட்டோவுல அந்தக் கோடு நிழலா விழுது. ஈறுகிட்ட என்ன அதுன்னு கஸ்டமர் கேக்கறாங்க."

"தம்பி, அது வேலி. எடுத்தா வளந்துக்கிட்டே போகும்."

"போகாதும்மா. எலும்பு முட்டினதும் தானா நின்னுடும். டிசைன் மெஷின் இருபதாயிரம் தடவ ஓட்டிப் பாத்திருக்கு."

"எங்க ஓட்டிச்சு? காஞ்ச பொம்மைத் தாடையிலதான? எச்சி இருந்துச்சா? எச்சியில சுண்ணாம்புச் சத்து இருக்கு. பல்லுக்கு அது சோறு."

"அம்மா, நான் எச்சில்லதான் பி.எச்டி. பண்ணியிருக்கேன்."

"பண்ணுங்க. ஒரு தடவையாவது துப்பிப் பாத்தீங்களா?"

இணைப்பைத் துண்டித்துவிட்டார். வடிவமைப்பு இயந்திரம் பாடம் படித்தது எதில் தெரியுமா? கல்யாண ஆல்பங்களில். ஸ்டுடியோக்காரன் கணினியில் வெள்ளையடித்த மாப்பிள்ளை பல்லும் பொண்ணு பல்லும் நாற்பது லட்சம். அதைப் பார்த்து வளர்ந்த இயந்திரத்துக்கு, பல் என்பது சுவிட்ச் போர்டு மாதிரி வெள்ளையாக, வரிசையாக, ஒரு கோடு கீறல் இல்லாமல் இருக்க வேண்டும். நல்ல பல் அடியில் மஞ்சள் ஓடும், நுனியில் நீலம் தட்டும். இதை அதற்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவர் எச்சிலில் டாக்டர்.

நாள் 219. காலை 11.00

முதல் தொகுப்பு இருநூற்றுப் பன்னிரண்டு பல். எல்லாம் கோடில்லாதவை. வேறு வரைபடத்தை உலை ஏற்க மாட்டேன் என்கிறது. கீழே நாற்காலியில் உட்கார வைத்துப் பொருத்துவதற்கு முன் ஒவ்வொருவர் வாயையும் திரையில் பார்த்து, பக்கத்துப் பல்லோடு நிறம் சேருகிறதா என்று நான் சொல்ல வேண்டும். அதனால் கஸ்டமர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்தாக வேண்டியிருக்கிறது. எண் 9, வீடு வாங்கி விற்பவர்: "வெள்ளைக்கார நடிகர் மாதிரி." எண் 14: நாய்க்கும் சேர்த்துப் போட முடியுமா என்று கேட்கிறார். எண் 28, கல்யாணப் பொண்ணு: "எதிர்வீட்டு அக்காவைவிட வெள்ளையாக." சொத்தைப் பல்லை விடச் சொத்தையான ஜனங்கள்.

எண் 27 மட்டும் மனுஷன். தென்காசிப் பக்கத்துக் கோயில் ஓதுவார், பெயர் பொன்னம்பலம். குரலைப் பதிந்து அனுப்பியிருக்கிறார்: "யம்மா, எனக்கு அழகு வேண்டாம். முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இருந்த சந்த மட்டும் அப்படியே விட்ருங்க. அது வழியாத்தான் எனக்குப் பாட்டு வருது. சந்த அடச்சா சாமிக்கே என் குரல் அடையாளம் தெரியாது."

அவருக்குச் சந்து விட்டு ஊன்றினேன். இயந்திரம் இரண்டு தடவை அழித்தது. மூன்றாவது தடவை மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கையால் ஊன்றினேன்.

நாள் 226. மாலை 15.30

அறுபத்தோராவது முறையாக எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினேன். ஒரு நொடியில் பதில்: "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி. உங்கள் நாள் இனிதாகுக." அறுபதாவதுக்கும் இதே பதில். என் எழுத்தைப் படிக்க ஒரு பதில் இயந்திரத்தை உட்கார வைத்துவிட்டார் மகாராசன் கீர்த்திவாசன். இங்கிருந்து கம்பெனிக்கு மட்டும்தான் வழி. வேறு யாரையும் கூப்பிட முடியாது. குரலில் கூப்பிட்டால் எடுக்கிறார். எடுத்து, சிரித்து, வைக்கிறார்.

அவரிடம் ஒரு சலுகை வாங்கியிருக்கிறேன்: ஒரு வாயில் போட்டுத் தொண்ணூறு நாள் பார்த்த பிறகே தொகுப்பு கீழே இறங்கும். எழுதிக் கையெழுத்தாகிவிட்டது.

நாள் 230. காலை 08.15

அந்த ஒரு வாய் என்னுடையது.

புது வரைபடம் வந்தால் முதல் விதைக்கு வேலையாளின் எலும்பணுவைப் போடுவது பட்டறை வழக்கம். அப்படி எனக்கென்று இரண்டு பல் வளர்ந்து கிடந்தன. கோடுள்ளது ஒன்று, பழைய வரைபடத்தில். கோடில்லாதது ஒன்று. எனக்குக் கீழ் முன்வரிசையில் ஒரு பல் போய் இருபது வருடம் ஆகிறது. இங்கே வைத்தியத்துக்கென்று இருக்கும் இயந்திரக் கை, மருத்துவக் கை, நாற்பது நிமிடத்தில் வேலையை முடித்தது. வலி கொஞ்சம்.

கோடில்லாததை வைத்தேன். சோதனை என்றால் அதைத்தானே வைக்க வேண்டும்.

நாள் 236. மாலை 17.00

கீர்த்திவாசனோடு வாராந்தரக் காணொளி. பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வது என் பழக்கம். இன்று மறந்துவிட்டேன்.

"அம்மா! பல்லு! அந்தக் கோடில்லாததுதான?"

"சோதனைக்குத்தான் தம்பி."

"சூப்பரா இருக்கும்மா! இன்னொரு தடவ சிரிங்க. இவ்ளோ நாள் திட்டிட்டு, கடசியில நீங்களே அதத்தான் போட்டுக்கிட்டீங்க பாத்தீங்களா?"

"பரவாயில்ல. நல்லாத்தான் இருக்கு."

இணைப்பு முடிந்ததும் உலைக்கதவுக் கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

நாள் 239. காலை 07.00

ஈறில் வீக்கம் இல்லை. பக்கத்துப் பற்களுக்கு நடுவே இருந்த சின்னச் சந்துகள் அடைபட்டிருக்கின்றன. வரிசை எடுப்பாகத் தெரிகிறது. இதைக் கீழே அனுப்பவில்லை, இந்தக் குறிப்பில் மட்டும்.

நாள் 241. காலை 07.10

பல்லிடுக்கில் நூல் நுழையவில்லை. ஆறு பற்கள் ஒரே பலகை மாதிரி. தொட்டுப் பார்த்தால் வழுவழுவென்று. சொன்னால் மருத்துவக் கையால் தாடையைத் துளைத்து எடுக்கச் சொல்வார்கள். இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நாள் 243. பகல் 12.30

சரக்குக் கலம் பிரிந்து போகிறது. நான் பிரிக்கவில்லை, கீழேயிருந்து பிரித்துவிட்டார்கள். கேட்டேன்.

"தொண்ணூறு நாள்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்களே தம்பி?"

"உங்க சிரிப்புதாம்மா ரிப்போர்ட். அந்தக் காணொளிய போர்டுல போட்டுக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினாங்க. அந்த அம்மாவே ஒத்துக்கிட்டாங்கன்னா அதுக்கு மேல என்ன டெஸ்ட்டுன்னு கேட்டாங்க."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் இருந்தது. சொல்லாமல், "சரி, பாத்துச் செய்யுங்க" என்றேன். கீர்த்திவாசனை மடையன் என்று இதில் எத்தனை இடத்தில் எழுதியிருந்தாலும் அத்தனை இடத்திலும் என் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். அவன் எச்சிலைப் பார்க்காதவன். நான் பார்த்துவிட்டுக் கண்ணாடி பார்த்தவள்.

நாள் 246. காலை 06.20

வாய் திறக்கவில்லை.

தூங்கும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் தொட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. எட்டு மணி நேரம் அதற்குப் போதும். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. குழாய் நுழைகிறது. கஞ்சி போகிறது.

எழுத்தில் அனுப்பினேன்: அவசரம், யாருக்கும் பொருத்த வேண்டாம். ஒரு நொடியில் அதே பதில்: உங்கள் மேலான கருத்துக்கு நன்றி.

குரலில் கூப்பிட்டேன். மூக்கால் முனகத்தான் முடிந்தது. "அம்மா, சிக்னல் சரியில்ல, நாளான்னைக்கு நிறம் பாக்கறப்போ பேசிக்கலாம்."

நாள் 248. காலை 10.05

நிறம் பார்க்கும் அழைப்பு. திருவிழாவுக்குப் பாட வேண்டுமென்று எண் 27 முதலில் வந்திருக்கிறார். நாற்காலியில் சாய்ந்திருந்தார். கீர்த்திவாசன் பக்கத்தில், கையுறையோடு.

அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டினேன்: போடாதே. நிற்காமல் வளர்கிறது.

"பாருங்க சார், அறுபத்தோரு கம்ப்ளெயின்ட் பத்தலையாம், இப்ப அட்டையே பிடிச்சுட்டாங்க! ஏம்மா, வாயால சொல்ல மாட்டீங்களா? எம்மேல அவ்ளோ கோவமா?"

இரண்டு கையாலும் உதட்டை விலக்கிக் காட்டினேன்.

"அட, சிரிக்கறாங்க! வெளையாட்டுதான். எவ்ளோ ஒழுங்கா இருக்கு பாத்தீங்களா சார்?"

ஓதுவார் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"இரும் டாக்டர். யம்மா, ஆன்னு சொல்லுங்க."

முனகினேன்.

"நாக்கக் காட்டுங்க பாப்போம்."

தலையை ஆட்டினேன். கண்ணில் நீர் முட்டி உருண்டையாக ஒட்டிக்கொண்டது.

"டாக்டர், அந்தம்மா சிரிக்கல. மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒண்ணா ஒட்டிக் கெடக்கு. சுவரு மாதிரி இருக்கே, உமக்குக் கண்ணு தெரியலையா?"

"கேமரா ஆங்கிள் சார் அது, நீங்க சாஞ்சுக்கங்க."

"நீரு சாஞ்சுக்கிடும். இந்த வாய வச்சுத்தான் எனக்குக் கோயிலு." கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து டாக்டர் கையில் திணித்துவிட்டு இறங்கிவிட்டார்.

கீர்த்திவாசன் பின்னால் திரும்பி: "பெரியவருக்குப் பயம். அடுத்தவங்கள வரச் சொல்லுங்க. நிறத்த மெஷின் பாத்துக்கட்டும், இந்த லைன கட் பண்ணுங்க."

மருதாணி வைத்த ஒரு கை நாற்காலியைப் பிடித்தது. எண் 28. எங்கோ வாசல் பக்கமிருந்து ஓதுவாரின் குரல், கோபுரம் வரைக்கும் எட்டுகிற குரல்: "தாயி, உக்காராத! உக்காராதங்கேன்ல!"

திரை அணைந்தது.

நாள் 248. 10.20

குரல் இணைப்பு இன்னும் இருக்கிறது. கூப்பிட்டால் எடுப்பான். பேச வாய் வேண்டும்.

வைரச் சக்கரம் இதே பீங்கானை அறுக்கத்தான் இருக்கிறது. உலைக்கதவுக் கண்ணாடிக்கு முன்னால் என்னைக் கட்டிக்கொண்டாயிற்று. என் கை இதுவரை வாயில் இருக்கிற ஒரு பல்லையும் உடைத்ததில்லை. இன்று உடைக்கும்.

10.38

முதல் வெட்டு. பாதி ஆழம். சூடு தாங்கவில்லை. உதட்டில் பட்டது.

10.51

திறந்துவிட்டது. விரல்நகம் அளவு. நாக்குநுனி வெளியே வருகிறது. ரத்தம் மணிமணியாக மிதக்கிறது. இதை இடது கையால் எழுதுகிறேன்.

கூப்பிட்டேன். மணி அடிக்கிறது.

10.53

எடுத்தான். "எடு" என்றேன். அது மட்டும்தான் சொல்லாக வந்தது.

"அம்மா? என்னம்மா குரல் இது? எத எடுக்கணும்? இந்தப் பொண்ணுக்கு வச்சதயா? இப்பத்தாம்மா வச்சேன், ரெண்டு நிமிஷம்கூட ஆகல."

இரண்டு நிமிடம். வேர் இன்னும் கவ்வியிருக்காது. இப்போது இழுத்தால் வந்துவிடும். இன்னும் ஒரு வாக்கியம் போதும்.

10.55

வெட்டிய இடைவெளி மறுபடி அடைபடுகிறது. எச்சிலைவிட ரத்தத்தில் சத்து அதிகம், அதை நான் யோசிக்கவில்லை. நாக்குநுனியை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? சொல்லுங்கம்மா. நான் கேக்கறேன். சொல்லுங்க."

கேட்கிறான். இருநூற்று நாற்பத்தெட்டு நாளில் இன்றைக்குத்தான் வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேட்க நிற்கிறான். சக்கரத்தை மறுபடி ஓட்டிவிட்டேன். இந்தத் தடவை ஆழமாக, உதட்டைப் பார்க்காமல், ஒரே இழு