அங்கே வேலை எப்படி என்று கேட்ட கடுதாசி

சின்னக்கண்ணு,

எதிர்க் காட்டுக்காரர் வீடு கட்டுகிறார். நான்தான் சித்தாள். இன்று காலை சிமெண்ட் மூட்டையைப் பிரித்துத் தண்ணீர் விட்டார்கள். முதல் சட்டியைத் தலையில் தூக்கியதும் உன் சட்டை வாசம் அடித்தது.

அப்போதெல்லாம் ஒரே சாரத்தில் நீ கொத்தனார், உனக்குக் கலவை சுமக்கிறவள் நான். அக்கா என்றுகூடப் பார்க்காமல், கலவை தண்ணியாக இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் திட்டுவாய். சாயங்காலம் பஸ்ஸில் ஓடிப்போய் எனக்கு இடம் பிடித்து வைப்பாய்.

பிறகு சிமெண்ட் கிடைக்காமல் போயிற்று. பாலக்காட்டிலும் கோயமுத்தூரிலும் சுவர்கள் பாதியில் நின்றன. நீ கடல் தாண்டி அந்த மணல் நாட்டுக்குப் போனாய்.

லீவில் வந்தபோது நிலக்கடலை உடைத்துக்கொண்டே எனக்கு நாலு நாட்டு நியாயம் சொன்னாய்.

"எல்லாம் ஒரே பெட்ரோல் எண்ணெய்தானுங்க்கா. வெல ஏறுனதுல வெள்ளைக்காரனூரு படுத்துப்போச்சு, நாங்க இருக்கற ஊரு எந்திரிச்சிருச்சு."

"நம்மூரு?"

"நம்மூரு படுக்கவும் இல்ல, எந்திரிக்கவும் இல்ல. சிமெண்ட் பெர்மிட்டுக்கு வரிசையில நிக்குது."

உங்கள் சூப்பர்வைசரே இங்கிலாந்துக்காரர்தான் என்றாய். அவர் ஊரில் கட்டட வேலை நின்றால் சர்க்காரே பணம் கொடுக்குமாம். அப்புறம் எதுக்கு சாமி அந்த வெயிலில் வந்து கருகுகிறார் என்று கேட்டேன். சும்மா உட்கார அவர் கை கேட்கவில்லையாம். ஆனால் ராத்திரியானால் பிள்ளைகள் போட்டோவைப் பார்த்து அழுவாராம்.

"நீ அழுகறதில்லையா?" என்று சீண்டினேன்.

"எங்கிட்ட ஏது போட்டோ?" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம்.

நீ திரும்பிப் போய் ஒரு வருசம் கழித்து அந்தக் கடுதாசி வந்தது. அந்த இடத்தில் வேலை முடிந்துவிட்டதாம். விருப்பம் உள்ளவர்கள் பாலைவனத்துக்குள்ளே வேறு இடத்துக்குப் போகலாம், மற்றவர்கள் ஊருக்குத் திரும்பலாம். கடைசியில் ஒரு வரி: அங்கே வேலை எப்படி, அக்கா?

நான் கொழிஞ்சாம்பாறைக்குப் போய் விசாரித்தேன். பக்கத்துச் சித்தூருக்கும் போனேன். மேஸ்திரிகள் எல்லோரும் கையை விரித்தார்கள். மூன்றாம் கிளாஸ் படித்த கையால் எழுத்துக் கூட்டி எழுதினேன்: இங்கே ஒரு செங்கல் அசையவில்லை, அவர்கள் சொல்கிற புது இடத்துக்கே போ.

நீயும் அக்கா பேச்சைக் கேட்டாய். அங்கே போன நாலாம் மாதம் சாரத்திலிருந்து விழுந்துவிட்டாய் என்று தந்தி வந்தது. அப்புறம் நீ வரவில்லை, உன் பெட்டி மட்டும் வந்தது.

நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, சாமி. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இப்போதும் யாராவது என்னிடம் வேலை இருக்கிறதா என்று கேட்டால், முதலில் கேட்கிறவர் முகத்தைப் பார்க்கிறேன். கடுதாசியில் உன் முகம் எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நீ கேட்டது வேலையைப் பற்றித்தானா, கண்ணு?