அக்காவுக்காக எழுதிய நல்ல பதில்கள்

கடலூர் முதுநகர்,
திங்கட்கிழமை.

அன்புப் பேத்தி சிந்துஜாவுக்கு ஆயா ரத்தினம்மாள் எழுதுவது. சிதம்பரத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. போனில் சொன்னால், "மீட்டிங்ல இருக்கேன் ஆயா, அப்புறம் பேசறேன்" என்பாய். தபாலில் போட்டால் வியாழக்கிழமை உனக்கு இருக்கிற கூட்டத்துக்குள் வந்து சேருமோ என்னவோ. பக்கத்து வீட்டு இளவரசு அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் சித்தப்பா மகள் கயல்விழி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குளிர் காய்ச்சல், அடிவயிற்றில் வலி. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ஏம்மா, நாள் பூரா ஒன்னுக்குப் போவாம அடக்கி வெச்சிருக்கியா?" என்று கேட்டார். ஒன்பதாவது படிக்கிற பெண் காலையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கூடம் போகிறாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் போகிறாள் என்பது கூடவே இருக்கிற எனக்குத் தெரியவில்லை.

துருவித் துருவிக் கேட்ட பிறகு சொன்னாள். பெண்பிள்ளைகள் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்சுவர் பாதி இடிந்து கிடக்கிறது. ஆடி மாதம் ஒரு நாள் அந்தச் சுவருக்கு மேலே ஒரு கை தெரிந்ததாம், கையில் போன். அதற்குப் பிறகு அந்த வகுப்புப் பெண்கள் யாரும் அங்கே போவதில்லை. டீச்சரிடம் சொன்னதற்கு, "ஆமா, உங்களத்தான் படம் புடிக்க வரிசையில நிக்கறானுவ" என்று சிரித்தாராம்.

உன் சித்தப்பா கதிர்வேல் கோபமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். ஹெச்.எம். அம்மா ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். நீ போன மாதம் வந்து பிள்ளைகளிடம் எழுதி வாங்கிப்போனாயே, அதன் முடிவு. பள்ளியில் பாதுகாப்பாக இருக்கிறோம், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர். கழிப்பறை நன்றாக இருக்கிறது. பயம் எதுவும் இல்லை. "உங்க அண்ணன் பொண்ணே ஆராய்ச்சி பண்ணிக் குடுத்திருக்கு, நீங்க வந்து கத்துறீங்களே சார்" என்றாராம். அவன் திரும்பி வந்தான்.

ஏண்டி பொய் எழுதினாய் என்று கயலைக் கேட்டேன். "நீதான ஆயா சொன்ன, அக்காவுக்கு இதுலதான் மார்க்கு, எல்லாம் நல்லதா எழுதுங்கன்னு" என்றாள்.

ஆமாம், சொன்னது நான்தான். என் பேத்தி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ண வருகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதிர்வீட்டுத் தில்லையம்மாள் பேத்தி முதல் எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு முறுக்குக் கொடுத்துச் சொல்லிவிட்டேன். குறை எழுதினால் உன் பேப்பரில் தப்பு விழும் என்று நினைத்தேன். ஐந்தாவது படித்தவளுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

என் தப்பு இருக்கட்டும். அவ்வளவு படித்த நீ என்ன செய்தாய்? இருபது நிமிஷம் நின்றாய். பிள்ளைகள் எழுதும்போது அந்த டீச்சர் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். தாளை வாங்கி அடுக்கிக் கொடுத்ததும் அவரேதானாம். பள்ளிச் சூழல் எப்படி என்ற கேள்விக்கு வேப்பமரம் இருக்கிறது, குப்பைத்தொட்டி இருக்கிறது என்று எழுதினார்களாம். அதையும் நல்லது என்று சேர்த்துக்கொண்டாய் போலிருக்கிறது. அப்புறம் வீட்டுக்கு வந்து வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டாய், கயல் தலையைத் தடவினாய், பஸ் ஏறினாய். அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாயா? நீயும் இப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில் படித்தவள்தானே.

பள்ளிக்கூடங்களில் எதை முதலில் ஆராய வேண்டும் என்று வியாழக்கிழமை அதிகாரிகளிடம் நீ பட்டியல் கொடுக்கப்போகிறாயாம். உன் அப்பன் பெருமையாகப் போனில் படித்துக் காட்டினான். சுவரில் மாட்டுகிற கண்காணிப்புக் கேமரா முதலாவது. செல்போன் பழக்கம் இரண்டாவது. கடைசிவரை கேட்டேன், கக்கூஸ் வரவேயில்லை. போனை வைத்துவிட்டேன்.

கதிர்வேல் வருகிற திங்கட்கிழமை டி.சி. வாங்கப்போகிறான். வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு இல்லை. "படிச்சது போதும், ஊட்லயே இருக்கட்டும்" என்கிறான். இனிமேல் பள்ளிக்கூடம் இல்லை என்று தெரிந்ததிலிருந்து கயல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கூட்டத்தில் எழுந்து, இந்தப் பள்ளிக்கூடத்துத் தாள் அத்தனையும் பொய் என்று சொல். எழுதவைத்தது என் ஆயா என்று சொல். பெயர் கேட்டால் கொடு. உன் பட்டம் தள்ளிப்போனால் போகட்டும், தெருவில் நானே சொல்லிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் வா. டீச்சர் இல்லாமல், பெயர் எழுதாமல், பெண்பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்துக் கேள். எத்தனை நாளாகத் தண்ணீர் குடிக்காமல் வருகிறீர்கள் என்று முதலில் கேள்.

பெரிய படிப்புப் படித்து எல்லாருக்கும் மேலே வர வேண்டும் என்றுதான் உனக்கு எப்போதும் எழுதுவேன். இந்தத் தடவை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் சித்தப்பாவுக்கு முன்னால் வந்து நில். என் ஆசீர்வாதத்தை நேரில் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் ஆயா
ரத்தினம்மாள்