ஆறிய முதுகு

செவ்வாய், ஸ்கூடாய்.

இன்று ஜொகூர் பாரு மருத்துவமனையில் கடைசி ஒளிச் சிகிச்சை. என் தோல் சாதாரணத் தூசியைக்கூட எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறதாம். புற ஊதா ஒளி அந்தச் சண்டையை அடக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விளக்குப் பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் தாதி சாந்தி கையுறையைக் கழற்றிவிட்டு என் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா ஆறிடுச்சு லா, அக்கா. வீட்டுல காட்டுங்க, சந்தோஷப்படுவாங்க."

அரிப்பு தொடங்கியதிலிருந்து என் கணவர் ஹாலில்தான் படுக்கிறார். இரவு வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன்.

"எல்லாம் ஆறிடுச்சுங்க. பாக்குறீங்களா?"

"அப்படியா? நல்லது," என்றார். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். அறைக் கதவை நான் இன்னும் சாத்தவில்லை.