வேகாத சக்கரம்

5 ஆகஸ்ட் 1991, திங்கள்
எங்கள் கம்பெனியில் செய்த கிரைண்டிங் வீல் ஒன்று, இரும்பைத் தேய்க்கும் சக்கரம், அம்பத்தூர் பட்டறையில் சுற்றும்போதே வெடித்துவிட்டது. ஓட்டியவருக்கு முன்கை எலும்பு முறிவு. துண்டுகளைச் சாக்கில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். மேனேஜர் கோதண்டராமன் சாக்கை அவிழ்க்கக்கூட இல்லை. "பேக்கிங்ல மீனம்மாதான் கீழ போட்டிருப்பா. வேற என்ன?" அவளுக்கு சஸ்பென்ஷன். இந்த மூளைக்குத் தனி அறை, தனி ஃபேன்!

6 ஆகஸ்ட்
கேட்டருகே மீனம்மாள். "சத்தியமா நான் போடல சார்." பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

9 ஆகஸ்ட்
சாக்கை லேபில் பிரித்தேன். விழுந்த வீலென்றால் விளிம்பில் அடிபட்ட தடம் இருக்கும். இல்லை. துண்டுகளைச் சேர்த்து வைத்தால் விரிசல்கள் எல்லாம் உள்ளே ஓரிடத்திலிருந்து பிரிகின்றன. அங்கே கடுகளவு துளைகள், கொத்தாக. வீலில் துளை வேண்டும்தான். இப்படிக் கூட்டம் கூடக் கூடாது.

10 ஆகஸ்ட்
மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நன்றாக வெந்த வீல் உடைந்தால் உராயும் மணிகளும் சேர்ந்தே பிளக்கும். இதில் ஒரு மணிகூடப் பிளக்கவில்லை. விரிசல் ஒவ்வொரு மணியையும் சுற்றிக்கொண்டு, அவற்றை ஒட்டும் களிமண் வழியாகவே ஓடியிருக்கிறது. களிமண் உருகிப் பிடிக்கவே இல்லை.
சூளை பார்க்கும் கன்னியப்பனைக் கேட்டேன். "ஆர்டர் அவசரம், ஆறு மணி நேரம் கொறைன்னு மேனேஜர்தான் சொன்னாரு சார். நான் இன்னா பண்றது?"
அரைவேக்காட்டு ஆசாமியின் அரைவேக்காட்டு வீல்.

12 ஆகஸ்ட்
மேனேஜர் மேசையில் விசிறியடிக்கத்தான் ஃபைலை எடுத்தேன். வெடித்த வீல் இருந்த லாட்டின் சோதனைத் தாள்: 'வேகச் சோதனை – சரி.' கீழே கையெழுத்து.
என்னுடையது.
ஜூலை 13, சனிக்கிழமை. மூன்று வீலை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றைக்கூட ஓட்டவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுதி வெச்சிட்டுப் போயிட்டேன் – நானா அந்தாளைத் திட்டிகிட்டிருந்தேன், ஒரு வாரமா?

13 ஆகஸ்ட்
முறிந்த அந்தக் கை எனக்குத் தெரியாத ஒருவருடையது. தெரிந்துகொள்ளவும் தைரியமில்லை.

16 ஆகஸ்ட்
அறிக்கை கொடுத்தேன். துளைகள், சூளை நேரம், கடைசிப் பத்தியில் நான். கோதண்டராமன் குரலைத் தாழ்த்தினார். "வசந்தகுமார், அந்தப் பத்திய எடுத்துடு. சூளை விஷயத்தையும் எடுத்துடு. ரெண்டு பேருக்கும் நல்லது." மெட்ராஸ் ஆபீசுக்கு நகல் போய்விட்டது என்றேன். அவர் முகம் போன போக்கில் சந்தோஷப்பட்டேன். வெட்கங்கெட்ட ஜென்மம் நான்.

2 செப்டம்பர்
கோதண்டராமனை வேறு கிளைக்கு மாற்றினார்கள், அதே பதவியில். என்னை பேக்கிங்கில் போட்டார்கள். மீனம்மாள் திரும்பிவிட்டாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், மடையன். வைக்கோலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "உம்முனு நின்னுகினு இருந்தா வேலை ஆவாது சார். வீல அந்தப் பக்கம் புடிங்க. ரெண்டு கையால."
பிடித்தேன்.