சந்தூக்கைத் தாங்காத தோள்

என் செல்ல வாப்பாவுக்கு, உங்கள் மகனின் ஸலாம்.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. இந்த நாலு மாதமாக நான் ஓர் இடத்தில் நிம்மதியாக உட்காரவில்லை. கடைக்குக் கிளம்பினால் பாதியில் திரும்புகிறேன். உங்களை அடக்கிய மையவாடிப் பக்கம் வண்டியை விடுகிறேன், வாசலோடு திரும்பிவிடுகிறேன். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் உள்ளே கால் வைக்க முடியவில்லை.

முதலில் தோள் விஷயம். ஒருவழியாக டாக்டரிடம் போனேன். பத்து வருஷம் சவுதியில் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஏசிக் குழாய் மாட்டியதில், வலது தோளின் எலும்புகளுக்கு நடுவே தசைநார் சிக்கி நசுங்குகிறதாம். அருவியில் போய் நிற்கக் கூடாது என்று அவரும் சொல்லிவிட்டார். நீங்கள் இருந்திருந்தால் வீட்டையே இரண்டாக்கியிருப்பீர்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இடுப்பு பிடித்தாலும் கழுத்து பிடித்தாலும் அருவிதானே மருந்து? நானும் சாரல் காலம் முழுக்க ஐந்தருவிக்கு ஓடினேன். ஒருநாள் ஈரத் துண்டோடு வந்து நின்றவனைத் தங்கச்சி மாப்பிள்ளை முன்னாலேயே ஏசினீர்கள்.

"ஏலே, நொந்த தோள்ல போயி அம்புட்டுத் தண்ணிய வாங்குதியே, ஒனக்கு என்ன கிறுக்கா? ஆஸ்பத்திரிக்குப் போ. அதுவரைக்கும் விசா கிசான்னு இங்கன பேசப்புடாது."

"என் தோளு, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அப்புறம் ஐந்து நாள் உங்களோடு பேசவில்லை. ஆறாம் நாள் காலையில் நீங்கள் எழுந்திருக்கவில்லை.

இப்போது வாரம் மூன்று நாள் லேசர். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டுத் தோளில் ஒரு கருவியை வைக்கிறார்கள். சுடவும் இல்லை, குத்தவும் இல்லை. எனக்கோ இருப்புக் கொள்ளாது. எப்போது விடுவார்கள் என்று காலை ஆட்டிக்கொண்டே கிடப்பேன். அங்கே இருக்கும் பிசியோதெரபிஸ்ட் வாசுதேவநல்லூர்ப் பெண், கொஞ்சம் கறார். இன்று காலையில் பிடித்துக்கொண்டாள்.

"லேசர் வலியக் கொஞ்சம் அடக்கும், அம்புட்டுதான் அண்ணாச்சி. தோளு தேறுதது நீங்க வீட்ல செய்யுத பயிற்சியிலதான். செய்யுதியளா?"

செய்கிறேன் என்று பொய் சொன்னேன். ரப்பர் பட்டை வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டினபடி தொங்குகிறது. அவள் நம்பவில்லை. சுவரில் விரலால் மேலே ஏறச் சொன்னாள். வலது கை காது உயரத்தில் நின்றுவிட்டது. இடது கையை ஏற்றச் சொன்னாள். அது பாட்டுக்கு நேராக மேலே போயிற்று.

"இந்தத் தோள்ல ஒரு கொறையும் இல்லையே. இதுல என்ன பாரம் வச்சாலும் தாங்கும்" என்றாள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வலிக்கிறதா என்று பயந்து கேட்டாள்.

நீங்கள் போன அன்று, உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கும்போது உங்கள் மாப்பிள்ளைதான், "மச்சானுக்குத் தோளு ஏலாது, அவிய பின்னால வரட்டும்" என்றார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. தெருவே மாற்றி மாற்றித் தோள் கொடுத்தது. உங்களிடம் ஒரு வார்த்தை பேசியிராதவர்கள்கூட வந்து தாங்கினார்கள். மூத்த மகன் நான் வலது தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். மறுபக்கம் போயிருந்தால் இடது தோளில் தாங்கியிருக்கலாம். அது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது என்று எழுதினால் அதுவும் பொய். அன்றைக்கே தெரியும், வாப்பா.

கோபம். சமாதானம் ஆவதற்கு முன் போய்விட்டீர்களே என்ற கோபம். மையத்தாகக் கிடப்பவர் மேல் யாராவது கோபப்படுவார்களா? நான் பட்டேன்.

உம்மா தினமும் எண்ணெயைக் காய்ச்சி என் தோளில் தேய்க்கிறாள். "வாப்பாவச் சொமக்க எம் புள்ளைக்குக் குடுத்து வைக்கலையே" என்று அழுகிறாள். அந்தக் கை படும்போது எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கிறது. எத்தனை நாள் இதை வாங்கிக்கொண்டு இருப்பேன்?

பயிற்சியை ஒழுங்காகச் செய்வேன். தோள் தேறாமல் விசாப் பேச்சை எடுக்க மாட்டேன். ஆனால் அதெல்லாம் அப்புறம். இன்று அஸர் தொழுதுவிட்டு உம்மா முன்னால் உட்காருவேன். முடியாமல் இல்லை, முடிந்தும் நான் உங்களைச் சுமக்கவில்லை என்று சொல்லுவேன். அதற்குப் பிறகு அவள் என்னைத் தொடுவாளா, தெரியவில்லை. தொட்டாலும் தொடாவிட்டாலும், நாளைக்கு மையவாடிக்கு உள்ளே வருகிறேன்.

உங்கள் மூத்த மகன்,
காதர்