காலையில் டின்னைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது

இன்று நம் தெருவில் ரோடு போடுகிறார்கள். விடிந்ததிலிருந்து தார் வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. மகள் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். நான் சாத்தவில்லை. மஞ்சள் ரோலர் ஒன்று வாசலுக்கு நேரே போகிறது, வருகிறது. ஓட்டுகிறவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறான். நீங்கள் இருந்திருந்தால் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய், ஜல்லி சரியாகப் பரவவில்லை என்று அவனிடம் வம்பு வளர்த்திருப்பீர்கள். வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனுஷருக்கு, ரோலரைக் கண்டால் மட்டும் பேச்சு வந்துவிடும். கல்யாணமாகி வந்த மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது, உங்களுக்கு ரோலர்தான் மூத்த தாரம்.

ஆனால் இந்த வாசனையில் எனக்கு ரோடு ஞாபகம் வரவில்லை. சீமெண்ணெய் டின் ஒன்று ஞாபகம் வருகிறது. அது உட்கார்ந்த மரப்பெட்டியின் மூட்டுகளில் நீங்கள் தார் உருக்கி ஊற்றினீர்கள், ஒரு சொட்டுக்கூடக் கசியக் கூடாது என்று. மலையை விட்டு இறங்கிய பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மகளுக்கும் தெரியாது. நீங்கள் போன பிறகாவது பேசித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நெருப்புப் போட்டு நீராவியில் ஓடுகிற பழைய ரோலர் உங்களுடையது. கொடைக்கானலைத் தாண்டி மேல்மலையில், போளூர்ப் பக்கம் ரோடு போட்ட காலம். ரோலருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற மரவண்டிதான் டிரைவருக்குச் சர்க்கார் கொடுத்த வீடு. இரும்புச் சக்கரம், தகரக் கூரை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு சின்ன ஜன்னல். பழனியில் உங்கள் அம்மாவோடு நான் இருந்திருக்க வேண்டியவள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்த பிறகு அந்த வீட்டில் என் முகத்தைப் பார்த்துப் பேச ஆள் இல்லை. ஒரு நாள் நீங்களாகவே, "பெட்டியக் கட்டு புள்ள, எங்கூட வந்துரு" என்றீர்கள். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாவது பிள்ளை அந்த வண்டியில்தான் உண்டானது. ஐந்தாம் மாதம் லேசாக ரத்தம் பட்டது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிள்ளை இன்னும் இருக்கிறது என்றார். "படுத்தே இருக்கணும். பஸ்ல மலை எறங்கவே கூடாது. குத்தவெச்சு உக்காரக் கூடாது. மறுபடி ரத்தம் பட்டா சொல்லுங்க" என்றார். மாசக் கணக்கில் வைத்துக்கொள்ள அங்கே கட்டில் இல்லை. குத்தவைக்காமல் மற்றதுக்கெல்லாம் என்ன செய்வது என்று நான் கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள்.

மறுநாளே பேரிக்காய்ப் பெட்டிப் பலகையைப் பிரித்து வேலையை ஆரம்பித்துவிட்டீர்கள். நாற்காலி உயரத்துக்கு ஒரு பெட்டி. மேலே வட்டமாக ஓட்டை. ஓட்டையின் விளிம்பைக் கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்கினீர்கள். உள்ளே சீமெண்ணெய் டின். கட்டிலுக்கும் அதற்கும் நடுவே ஒரு கோணிப்படுதா. ஆனால் அந்த மலையில் ஆறு மாதம் பனிமூட்டம், மீதி மாதம் மழை. காற்று ஓடாத சின்ன வண்டி. ஒரே நாளில் நாற்றம் தாங்காமல் கட்டிலிலேயே எனக்கு வாந்தி வந்தது. அப்போதுதான் ரோலர் அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் சலித்துக் கொண்டுவந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு சிரட்டைச் சாம்பல் போட வேண்டும். ஈரம் பட்ட சாம்பலைப் போட்டால் கட்டிக்கொண்டு இன்னும் நாறும் என்று, அதற்கு ஒரு மூடி போட்ட டின் தனியாக. விடிந்ததும் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு எதிர்ச் சரிவில் குழி தோண்டிப் புதைப்பீர்கள். பாய்லரைத் திறந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் பிடித்து, தேங்காய் நாரில் தேய்ப்பீர்கள். பினாயில் விட்டு அலசி, பாய்லர் மேலேயே கவிழ்த்துக் காயவைப்பீர்கள். திரும்பி வரும்போது கையில் தைலமரத்து இலை ஒரு கொத்து இருக்கும். பெட்டிமேல் கிள்ளிப் போடுவீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பழனியில் நம் வீட்டுக் கொல்லைப்புறம் ஒருநாளும் அத்தனை நன்றாக இருந்ததில்லை.

நாற்றம் போயிற்று. என் வெட்கம் போகவில்லை. நீங்கள் படுதாவை விலக்கி டின்னைத் தூக்கும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். பெண்டாட்டி பீயைப் புருஷன் அள்ளுவதா? எந்த ஊரில் நடக்கும்? உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தால் என் கொண்டையைப் பிடித்து ஆட்டியிருப்பாள். எனக்கு என் மேலேயே அருவருப்பு. செத்துப் போய்விடலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன். வயிற்றில் ஒன்று இருந்ததால் அந்த நினைப்பை மூட்டைகட்டி வைத்தேன்.

ரோலருக்கு நெருப்புப் போடுகிற ஆள், சங்கிலி என்று பேர், அதுவரை அவனுக்கு நம் வீட்டுச் சோறுதான். நான் படுத்த பிறகு நீங்களே பொங்கி அவனுக்கும் போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு காலை அவன் டின்னோடு உங்களைப் பார்த்துவிட்டான். அன்று மதியம் வண்டிக்கு வெளியே நின்று, "அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. இனிமே எனக்குச் சோறு வெக்காதீங்க. நானே பொங்கிக்கிறேன்" என்றான். நீங்கள், "சரிடா" என்றீர்கள். பிறகு அவன் மண்வெட்டியைக்கூட உங்கள் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தான். ஜல்லி சுமக்கிற ஆட்கள் நம் வண்டிக்குப் பீவண்டி என்று பேர் வைத்தார்கள். பலகைச் சுவர்தானே, எல்லாம் எனக்குக் கேட்கும்.

விஷயம் ஓவர்சியர் காதுக்குப் போனது. அவர் ஜீப்பை விட்டு இறங்காமலே பேசினார்.

"ஏம்ப்பா டிரைவர், ஒன் ஃபயர்மேன் வேலைய விட்டுப் போறேங்கிறான். அவன் போனா ரோலர் எப்படி ஓடும்? சம்சாரத்த ஊருக்கு அனுப்பு."

"எறங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கய்யா."

"அப்ப ஒண்ணு செய். முனிசிபாலிட்டியில இருந்து தெனம் ஒரு தோட்டிய வரச் சொல்றேன். அவன் அள்ளிட்டுப் போவான். நீ தொடாத. எல்லாஞ் சரியாப் போயிரும்."

எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. வருகிற மனுஷனுக்கும் ஒரு மூக்கு இருக்கும், ஒரு மானம் இருக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். சரி என்று சொல்லப் போகிறீர்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். நீங்களோ, "வேண்டாங்கய்யா. எங்க வீட்டுச் சோலிய நானே பாத்துக்கிறேன்" என்றீர்கள். ஓவர்சியருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்குக் கொழுப்புய்யா. வேல போனா எங்கிட்ட வராத" என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பச் சொன்னார். எனக்கும் உங்கள் மேல் அப்படி ஒரு கோபம். பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

உங்களிடம் பேசி ஜெயிக்க முடியாது என்பதால் நான் என் வழியில் போனேன். சாப்பாட்டைக் குறைத்தேன். உள்ளே போவது குறைந்தால் வெளியே போவதும் குறையும், நீங்கள் தூக்குவதும் குறையும் என்று என் கணக்கு. நீங்கள் வைத்துவிட்டுப் போகிற சோற்றில் நாலு வாய் தின்றுவிட்டு மீதியை ஜன்னல் வழியாக வீசிவிடுவேன். பால், கஞ்சி எல்லாம் அப்படியே போகும். தண்ணீரைக்கூடத் தொண்டை நனைகிற அளவுக்குத்தான் குடித்தேன். உதடு வெடித்தது. பிள்ளை அசைவது குறைந்தது. அப்போதும் விடவில்லை. இருபத்திரண்டு வயதில் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது.

ஒரு நாள் காலை டின்னை எடுத்துக்கொண்டு போனவர், காலி டின்னோடு வந்து வாசலில் நின்றீர்கள்.

"ஏ புள்ள, நாலஞ்சு நாளா டின்னு லேசா இருக்கு. என்ன சங்கதி?"

"பசிக்கல."

நீங்கள் வண்டியைச் சுற்றிப் போய் ஜன்னலுக்குக் கீழே பார்த்தீர்கள். அங்கே காட்டுக்கோழி சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது உங்கள் முகம் எனக்குத் தெரிந்த முகமாகவே இல்லை.

"எனக்குப் பாவம் பாத்து நீ பட்டினி கெடக்கியா?"

"ஊரே உங்களப் பாத்துச் சிரிக்குது. அவரு ஆள் தாரேன்னாரு, அதையும் வேண்டாம்னுட்டீங்க. நான் வேற என்னதாங்க செய்ய?"

நீங்கள் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் முதுகு மட்டும் தெரிந்தது.

"ஆளு வந்தா தூக்கிட்டுப் போயிக் கொட்டிருவான் புள்ள. நான் பாத்துட்டுல்ல கொட்டுறேன்."

"எதப் பாத்துட்டு?"

"ரத்தம் இருக்கான்னு. போன ரெண்டு தடவையும் அப்படித்தான ஆரம்பிச்சுச்சு? துணியில படுறதுக்கு முந்தி இதுலதான் தெரியும். இருட்டு வண்டியில ஒனக்குத் தெரியாது. சாம்பல வேற போட்டு மூடிர்றோம். வெளிச்சத்துல வெச்சு, குச்சியால ஒதுக்கிப் பாத்துட்டுத்தான் குழியில போடுறேன். அத எப்படி இன்னொருத்தன நம்பி விட?"

உங்களுக்குக் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "கஞ்சி இருக்கா?" என்று கேட்டேன். நீங்கள் எழுந்து கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு ஊற்றிக் கொடுத்தீர்கள். நான் முழுவதும் குடித்தேன். அழுதுகொண்டேதான் குடித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் டின்னைக் கழுவிவிட்டு வந்து வாசலில் நின்று ஒரே வாக்கியம் சொல்வீர்கள். "ஒண்ணுமில்ல புள்ள, நல்லாருக்கு." நான் சுவர்ப்பக்கம் திரும்புவதை விட்டுவிட்டேன். அந்த வார்த்தைக்காகக் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். கேட்டதும் உடம்பெல்லாம் தளர்ந்து போகும், கண்ணை மூடிக்கொள்வேன். அப்படியே மாதங்களைத் தள்ளினோம். மகள் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் பிறந்தாள், எடை குறைவு, குரல் மட்டும் எட்டூருக்கு. சங்கிலி வேலையை விடவில்லை, ஆனால் கடைசிவரை உங்கள் கையால் ஒரு வாய் சாப்பிடவும் இல்லை. மழை ஓய்ந்ததும் உங்களை ரோலரை விட்டு இறக்கி, மதுரையில் பழுது பார்க்கிற வேலைக்குப் போட்டார்கள். காரணத்தை யாரும் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. அப்புறம் நீங்கள் ரோலர் ஓட்டவே இல்லை.

போன வருஷம் நீங்கள் படுத்தபோது மகள் ஆள் வைக்கலாம் என்றாள். நீங்களும், "வெச்சுக்கோ புள்ள, ஒனக்கு இடுப்பு வலிக்கும்" என்றீர்கள். நான் விடவில்லை. படுக்கையில் வைக்கிற பேசினை நானே எடுத்தேன், நானே கழுவினேன். குளியலறை விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொட்டினேன். ஒரு நாள் காலை அதில் ரத்தம் இருந்தது. கொஞ்சமில்லை. கொட்டி, கழுவி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் கட்டிலிலிருந்து தலையைத் திருப்பி, "எப்படி புள்ள இருக்கு?" என்றீர்கள்.

"ஒண்ணுமில்லைங்க, நல்லாருக்கு" என்றேன்.

யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். முகம் அப்படியே தளர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு மேல்மலையில் ஒரு நாள் ஞாபகம் வந்தது.

நீங்கள் கஞ்சி ஊற்றிக் கொடுத்து ஒரு மாதம் இருக்கும். காலையில் வழக்கம்போல, நல்லாருக்கு என்றீர்கள். நான் கண்ணை மூடினேன். அன்று நீங்கள் ரோலரை எடுக்கவே இல்லை. விறகு லாரியில் தொற்றிக்கொண்டு கொடைக்கானல் போய், சாயங்காலம் ஒரு பாட்டில் மருந்தோடு வந்தீர்கள். சத்து மருந்து என்றீர்கள். பிறகு இரண்டு பெரிய கருங்கல்லை உள்ளே கொண்டுவந்து, என் கால்மாட்டில் கட்டிலைத் தூக்கி அடியில் வைத்தீர்கள். எதற்கு என்று கேட்டேன். "வண்டி சாஞ்சு கெடக்கு, அதான்" என்றீர்கள். பிள்ளை பிறக்கிறவரை அந்தக் கல் அங்கேயே இருந்தது. ரத்தம் பட்டால் கால்மாட்டை உயர்த்திப் படுக்கவைப்பார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நானும் இத்தனை வருஷம் வண்டி சாய்ந்துதான் இருந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் உங்களிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன், நீங்கள் போகிறவரை. அதற்கே எனக்கு இன்றுவரை தூக்கம் சரியில்லை. நீங்கள் மாதக்கணக்கில் சொன்னீர்கள். அதில் எத்தனை காலை பொய், எத்தனை காலை நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சரிவில், பனியில், தனியாகக் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, புதைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பீர்கள். நான் தூங்கிப் போவேன். ரோடு மட்டம் பார்த்தே பிழைத்த மனுஷர் நீங்கள். சாய்ந்த வண்டியிலா என்னைப் படுக்க வைத்திருப்பீர்கள்?