உதவித்தொகை என்று ஒரு சொல்

புரோத்ராபூர்
29.5.2011

அன்பு மகள் உதயாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் பானுவும் முருகன் புண்ணியத்தில் சுகம். நீ சுகம் என்று போனில் சொல்வது காதுக்குக் கேட்கிறது, ஆனாலும் உன் கையெழுத்தில் நாலு வரி பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். மழை பிடித்ததிலிருந்து அப்பாவுக்கு முட்டிவலி கூடிவிட்டது, இருந்தும் செடி நர்சரி வேலைக்கு ஒரு நாள் லீவு போட மாட்டேன் என்கிறார். இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை பிளேனில் மெயின்லேண்ட் போகிற அழகர்சாமி மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன், கூடவே கருவாடும் இருக்கிறது, பார்த்துப் பிரி, இல்லாவிட்டால் ஹாஸ்டலையே மணக்க வைத்துவிடுவாய். போன் இருக்கும்போது எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தையில் அழுதுவிடுவேன், நீ அழாதேம்மா என்பாய், விஷயம் அப்படியே நின்றுவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பானுவிடம் பேசியதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி பெரிய காலேஜுக்கெல்லாம் போடாத பானு, நம்மள மாதிரி தோட்டத்துப் புள்ளைங்கள எடுக்க மாட்டாங்க, நான் போட்டுப் பாத்துட்டேன், வீணா ஆசைப்பட்டு அழாத என்று சொன்னாய். தொண்ணூற்று நாலு சதவீதம் வாங்கிய பிள்ளை, அக்கா சொன்னால் சரிதான் என்று பூர்த்தி செய்து வைத்திருந்த ஃபாரத்தை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். உதயா, நீ சொன்னது உண்மை இல்லை. உண்மை இல்லை என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2007ஆம் வருஷம் ஜூன் மாதம், நீ திக்லிபூரில் ராணி சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, நீ ஃபாரம் போட்டிருந்த அந்தப் பெரிய கல்லூரியிலிருந்து கவர் வந்தது. இங்கிலீஷ் என்பதால் பக்கத்து வீட்டு அழகையா அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒங்க புள்ளைக்கு முழு உதவித்தொகை குடுக்குறாங்க, பெத்தவங்க கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம் என்றார். அவ்வளவுதான், மீதியை நான் வாசிக்க விடவில்லை. உதவித்தொகை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து கேம்பில் இறக்கினார்களே, அங்கே நீட்டிய ஒவ்வொரு ஃபாரத்திலும் அந்தச் சொல்தானே இருந்தது. அந்தப் போட்டோக்காரர் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் சேலை வாங்கியது படத்தில் சரியாக விழவில்லை என்று, அம்மா, ஏக் பார் ஃபிர், கையை இன்னொரு தடவை நீட்டுங்கள் என்றார். நானும் நீட்டினேன். நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய், பதினாலு வயசு உனக்கு. என் பிள்ளை இனி யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். அந்த வீம்பில், கையெழுத்துப் போட வேண்டிய தாளின் குறுக்கே, என் மகள் நன்றாகப் படிக்கிறவள், அவளுக்கு உதவி தேவையில்லை, கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்று தமிழில் எழுதி மறு தபாலில் அனுப்பிவிட்டேன். எழுதி முடித்ததும் பெருமையாக வேறு இருந்தது.

காலேஜ் சீட்டு தனியாக வரும், அப்பா எப்படியாவது படிக்க வைத்துவிடுவார் என்று நினைத்தேன். சீட்டு வரவில்லை. நீ திரும்பி வந்து தினமும் தபால்காரரைக் கேட்டாய், நான் எதுவும் வரவில்லை என்றேன். ஒரு நாள் சொல்லிய பொய்யை மறுநாள் மாற்ற வாய் வரவில்லை. உனக்குக் கணக்கு என்றால் உயிர். கடைசியில் கிடைத்த காலேஜில் பி.காம். சேர்ந்தாய், இன்றைக்கு மருந்துக் கம்பெனியில் பில் போடுகிறாய். அந்த வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை, நீ அனுப்புகிற பணத்தில்தான் பானு படிக்கிறாள், அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

போன மாதம் பானு ஸ்கூலில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். மங்கையர்க்கரசி டீச்சர் நாலைந்து கல்லூரிகளின் பெயரைச் சொல்லி, அங்கே இடம் கிடைப்பது கஷ்டம், ஆனால் மார்க்கையும் பிள்ளை எழுதுகிற கட்டுரையையும் பார்த்து எடுத்துவிட்டால் ஃபீஸ், ஹாஸ்டல் இரண்டையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், வருஷா வருஷம் உண்டா, எத்தனை மார்க் குறையாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான் எழுந்து, உதவித்தொகையெல்லாம் நாங்க வாங்க மாட்டோம் டீச்சர் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இது இல்லாதவங்களுக்குப் போடுற காசு இல்லம்மா, ஜெயிச்சவங்களுக்குக் குடுக்குற பரிசு, டாக்டர் வீட்டுப் புள்ளையும் வாங்கும், தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே பேர வச்சுத் தொலைச்சிட்டாங்க என்றார். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மறுநாள் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கையெழுத்துத் தாளைத்தான் திருப்பி அனுப்பினேன், முதல் தாள் என்னிடமே இருந்தது. சிலோனிலிருந்து வந்த சனம் நாம், சீல் குத்திய காகிதத்தை எரிக்கவும் மாட்டோம், தொலைக்கவும் மாட்டோம். டீச்சர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ஆயிரத்து எண்ணூறு பேர் கேட்டிருக்கிறார்கள், ஆறு பேரை எடுத்திருக்கிறார்கள், அதில் முதல் பேர் தே. உதயா.

அப்பாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. நீயே எழுது, நான் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை, அதனால் கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறேன். ஃபாரம் ஜூன் பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், கடிதம் கிடைத்த அன்றே பானுவுக்குப் போன் செய். நானே சொல்லலாம் என்று பார்த்தேன், தன்னை அனுப்புவதற்காக அம்மா கதை கட்டுகிறாள் என்பாள், நீ சொன்னால்தான் நம்புவாள். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தபால் தொலைந்துபோச்சு என்று சொல்லிவிடாதே. என்னை எடுத்தாங்க, அம்மாதான் வேணாம்னு எழுதிட்டாங்க என்று அப்படியே சொல். நான் பக்கத்தில்தான் இருப்பேன், அவள் ஸ்பீக்கரில் போடட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. எல்லா நலமும் பெற்று நீ நூறு வயசு இருக்க வேண்டும். உன் பேர் அச்சடித்த அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். நாலு வருஷமாக நான் கொடுக்காமல் வைத்திருந்த உன் தபால்.

இப்படிக்கு,
உன் அம்மா
சொர்ணம்மா